கட்டிலுக்கு அடியில் பரங்கிப் பானம்

வருடத்துக்கு ஒரு முறை, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சென்னையிலிருந்து கொஞ்சம் பேர் பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்துக்கு வந்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய வேஷம் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் உட்காருவார்கள். பரங்கி வியாபாரி, பரங்கி மாலுமி, அரபு வணிகர், துணி விற்கிறவர் என்று ஆளுக்கொரு வேஷம். வெல்வெட் சட்டை போட்டு, கழுத்தைச் சுற்றி அப்பளத்தை அடுக்கி வைத்ததுபோல் ஒரு மடிப்புத் துணி கட்டிக்கொள்வார்கள். எங்கள் ஊர் வெக்கையில் பத்து மணிக்கெல்லாம் பரங்கிகள் பாதிப் பேர் சட்டையைக் கழற்றிவிட்டு நிழல் தேடுவார்கள். இருந்தாலும் நல்ல பிள்ளைகள். யாரையும் ஒரு வார்த்தை அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் அவர்களுக்குப் பானம் கொடுத்தவள் நான். மண் குவளையில் வாங்கிக் குடித்து, கண்ணை மூடித் தலையை ஆட்டி, "அந்தக் காலத்து ருசி அப்படியே இருக்கு" என்று பாராட்டினார்கள். அவர்கள் குடித்தது முதல் நாள் சோற்றில் ஊற்றி வைத்திருந்த தண்ணீர். கொஞ்சம் மோரும் மிளகும் உப்பும் சேர்த்திருந்தேன், அவ்வளவுதான். அவர்கள் என்னிடம் கேட்டிருந்தது வேறு. அதைச் செய்யப் போய்த்தான் என் வீட்டுக்காரருடைய பாடு கையை விட்டுப் போகப் பார்த்தது.

பாடு என்பது எங்கள் ஊரில் மீன்பிடிக்கும் முறை. ஏரி எல்லாருக்கும் பொது. ஆனால் இறால் எல்லா இடத்துக்கும் ஒன்றுபோல வருவதில்லை. கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வருகிற இறால், ஏரியின் உள்பக்கத்தில் வராது. எல்லாரும் அங்கேயே போய் வலை கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு முகத்துவாரத்து முறை வரும்போதெல்லாம் அது வெயில் காலமாக இருக்கும், ஏரி வாயில் மணல் மேடிட்டு இறால் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த வருடம்தான் முதன்முறையாக, மழை நன்றாகப் பெய்து ஏரி வாய் திறந்திருக்கும்போது, அதுவும் இறால் கூட்டமாக வருகிற தை அமாவாசையை ஒட்டி, முறை அவருக்கு வந்தது. அதற்கென்றே ஒரு புது வலை கட்டினார். கல்யாணத்துக்குக்கூட மனுஷன் அவ்வளவு ஆசையாகத் தயாரானதில்லை.

ஊரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, கட்டு என்போம். ஊருக்குள் சாராயம் காய்ச்சக் கூடாது, விற்கக் கூடாது, குடிக்கவும் கூடாது. மீறினால் அந்த வீட்டுக்கு அந்தச் சுற்றுப் பாடு கிடையாது. கட்டு ரொம்பக் கண்டிப்பானது. ஆண்கள் அதை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்றால், மதுக்கடை இருக்கிற ஆரம்பாக்கத்துக்கு ஏதோ வேலை என்று போவார்கள், சோம்பை மென்றுகொண்டு திரும்புவார்கள். ஊருக்குள் யாரும் குடிப்பதில்லை என்று ஊரே சொல்லும். ஊருக்குள் காலி பாட்டில்கள் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்து ஒதுங்கும்.

என் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் அப்படி ஆரம்பாக்கம் போய்வந்தவர்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்து, "இனிமே தொட மாட்டேன்மே" என்றார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று ஊரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். ஆனால் விடிந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. முதல் வருடம் முழுக்க, அவர் வீடு திரும்பும் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். அப்புறம் அப்படி ஒரு காலம் இருந்தது என்பதையே மறந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் அந்த வேஷக் கூட்டத்தை நடத்துகிற சென்னைப் பெண் என்னைத் தேடி வந்தாள். மகளிர் குழுவில் நான் போடுகிற இறால் ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டு என் கைமேல் அவளுக்கு நம்பிக்கை வந்திருந்தது.

"அக்கா, அன்னிக்கு டீ, காபி எதுவும் கூடாது. அந்தக் காலத்துல இதெல்லாம் நம்ம ஊருக்கு வரவே இல்ல" என்றாள்.

படகு ஓட்டுவதற்குக் கூப்பிடப்பட்டிருந்த ஆட்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், "டீ இல்லன்னா அது இன்னாத்துக்கு ஒரு காலம்" என்று எழுந்து போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் காலத்து மீனவர் வேஷம் கொடுத்திருந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு லுங்கிக்குப் பதிலாக வேட்டியைத் தூக்கிக் கட்டினால் போதும், வேறு எதுவும் மாற்ற வேண்டாம் என்றாள். ஐந்நூறு வருடமாக இந்த மனிதர் மாறவே இல்லை என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார், படித்த பெண் சொன்னதும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினார்.

எனக்கு அவள் சொல்லிக் கொடுத்த பானம் இதுதான். தேன், இஞ்சி, லவங்கம், உலர்ந்த திராட்சை எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். சில நாளில் தானாக நுரை கட்டும். கப்பலில் வந்த பரங்கிகள் இந்த மாதிரிதான் குடித்தார்களாம். "சோடா மாதிரிதான் அக்கா, லேசா சுர்ருனு இருக்கும்" என்றாள். திராட்சையை மட்டும் கழுவக் கூடாது, கழுவினால் நுரை வராது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திராட்சையைக் கழுவாமல் போடுவதா. கடையில் எத்தனை பேர் கை பட்டிருக்கும். அவள் போனதும் நன்றாக அலசித்தான் போட்டேன். குளிர்ச்சியான இடம் என்றாளே என்று, இறால் வைக்கிற ஐஸ் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது, அதற்குள் ஊற்றி மூடினேன். சில நாள் கழித்துத் திறந்தால் நுரையும் இல்லை, ஒன்றும் இல்லை. தேனும் இஞ்சியும் போட்ட இறால் கழுவின தண்ணீர் இருந்தது. பெட்டியை எத்தனை தேய்த்தாலும் இறால் தன் வீட்டை விட்டுப் போகாது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆசையில் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் தடவை அவள் சொன்னபடியே செய்தேன். புதுப் பானை இரண்டு வாங்கினேன். திராட்சையைக் கழுவவில்லை, சாமிமேல் பாரத்தைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கொட்டினேன். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் என் வீட்டுக்காரருடைய கட்டிலுக்கு அடிப்பக்கம். அங்கே தள்ளி வைத்தேன். ஓரிரு நாளில் நுரை வந்தது. பானையில் காதை வைத்தால் உள்ளே யாரோ கிசுகிசுக்கிற மாதிரி சத்தம் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். போகும்போதும் வரும்போதும் குனிந்து காதை வைத்துக் கேட்பேன், அவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வேன். அவரும் வந்து குனிந்து கேட்டுவிட்டு, "ம்ம், பேசுது" என்று எழுந்து போவார்.

இரண்டு நாள் கழித்துப் பாயைத் தூக்கிக்கொண்டு கரையில் புது வலைக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க ஆரம்பித்தார். வலையை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா என்று கேட்டேன். "காத்து நல்லா கீது" என்றார். புதுப் பெண்டாட்டி வந்துவிட்டாள், பழையவள் கசந்துவிட்டாள் என்று தெருவில் நாலு பேர் கேட்கக் கிண்டல் செய்தேன்.

பானைக்கு எறும்பு வந்தது. துணி கட்டினாலும் நிற்கவில்லை. படகில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற பசை வீட்டில் இருந்தது. கடல் தண்ணீரையே உள்ளே விடாத பசை எறும்பை விடுமா என்று, ஒரு பானைக்கு மூடியைச் சுற்றி அதைப் பூசி அடைத்தேன். மற்றதற்குப் பூசுவதற்குள் பசை தீர்ந்துவிட்டது. அதுவரையில் நல்லது.

மறுநாள் மத்தியானம் வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே டமாரென்று ஒரு சத்தம். கேஸ் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று எல்லாரும் ஓடி வந்தார்கள். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பானை ஓடு சாமி படம் வரைக்கும் பறந்திருந்தது. நுரை நுரையாக வாசல்படி தாண்டித் தெருவுக்குப் போனது. என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன், அவனுடைய ஆடு எங்கிருந்தோ வந்து அத்தனையையும் நக்கிவிட்டுத் தெரு நடுவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

கொழுந்தன் வந்து ஆட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணி, இன்னா இது?" என்றான்.

"இஞ்சித் தண்ணிப்பா."

"இஞ்சித் தண்ணி குடிச்சா ஆடு ஏன் பல்லக் காட்டுது?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஆட்டின்மேல் இருந்த அக்கறையால் மட்டும் கேட்கவில்லை. முகத்துவாரத்துப் பாடு வரிசையில் என் வீட்டுக்காரருக்கு அடுத்த முறை அவனுடையது. அவர் முறை போனால் அமாவாசை அவனுக்கு. சாயங்காலமே ஊர்த் தலைவரிடம் போய், அண்ணன் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம், புயல் வந்தால் ஒதுங்குகிற கூடத்துக்கு முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் எதிரில் மணலில் உட்கார்ந்தார்கள், நாங்கள் பெண்கள் ஓரமாக நின்றோம். வெடிக்காத பானையை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். கொழுந்தன் ஆட்டையும் இழுத்து வந்திருந்தான், சாட்சிக்கு. அது தெளிந்து போய் யாருடைய துண்டையோ மென்றுகொண்டிருந்தது.

நான் தேன், இஞ்சி, லவங்கம், திராட்சை என்று ஒன்று விடாமல் சொன்னேன். தலைவர் கேட்டுக்கொண்டு, "பொருளு எல்லாம் நல்ல பொருளாத்தான் கீது. ஆனா சேர்ந்து இன்னா ஆயிருக்குன்னு பாக்கணுமில்ல. யாராச்சும் ஒருத்தர் ஒரு வாய் குடிச்சுப் பாத்து சொல்லுங்கப்பா" என்றார்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை ஆண்களும் மணலில் எதையோ தொலைத்துவிட்டவர்கள் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இது சாராயம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டுமானால், சாராயம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். பெண்டாட்டிகளெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மகராசன் வாயைத் திறப்பான்.

தலைவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "எனக்கு இன்னா தலைவரே தெரியும்" என்றார் ஒருவர். போன பொங்கலுக்கு அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டது எல்லாருக்கும் தெரியும். இன்னொருவர், மணம் பார்த்துச் சொல்லலாம் என்றால் தனக்கு ஜலதோஷம் என்றார். அன்றைக்கு எங்கள் ஊர் ஆண்கள் அனைவரும் தாய்ப்பாலுக்கு அப்புறம் பச்சைத் தண்ணீர் மட்டுமே குடித்து வளர்ந்தவர்கள். "நீங்களே பாருங்களேன்" என்று யாரோ சொன்னதற்குத் தலைவர், "எனக்கு சுகருப்பா" என்றார்.

அந்த நேரம் பார்த்து இறால் வாங்குகிற பாய் பழவேற்காட்டிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். நாலு தலைமுறையாக இந்தக் கரையில் வியாபாரம் செய்கிற குடும்பம், பொய் சொல்லாத மனிதர். தலைவருக்கு உயிர் வந்தது. "பாய், நீங்க இந்த ஊரு கட்டுக்கு வெளிய. ஒரு வாய் பாத்து சொல்லுங்க" என்றார்.

பாய் பானையைப் பார்த்து இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "தலைவரே, நான் தொடவே மாட்டேன், அது ஒரு பக்கம். தொட்டாலும் அதுதானா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவனாப் பாத்துக் கேளுங்க" என்றார்.

தெரிந்தவர்கள் எல்லாரும் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பாயும் இருந்து பார்க்கலாம் என்று பைக்கின்மேல் சாய்ந்துகொண்டார்.

அப்போதுதான் கொழுந்தன் எழுந்தான். "யாரும் குடிக்க வாணாம். அண்ணன் கற்பூரம் அணைக்கட்டும். இது போத ஏத்தாதுன்னு சத்தியம் பண்ணிட்டா நான் வாய மூடிக்கினு போறேன்" என்றான்.

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் ஊரில் அதற்குமேல் பேச்சு கிடையாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இஞ்சித் தண்ணீர்தானே, அணைத்துவிட்டு வந்தால் கதை முடிந்தது, அமாவாசைக்கு வலையை எடுத்துக்கொண்டு போகலாம். "போய்யா" என்று கண்ணாலேயே சொன்னேன்.

கற்பூரத்தை ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து போய் அதன் எதிரில் நின்றார். கையை நீட்டவில்லை. ஏன் நிற்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"நான் அணைக்க மாட்டேன்" என்றார். "இது ஏத்தும். நான் வாயில வெக்கல. ஆனா எனக்குத் தெரியும். நுரை கட்டுன அன்னிக்கே வாசன மாறிப்போச்சு. கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தா. ரெண்டு நாளு கட்டில்மேலயே படுத்துப் பாத்தேன், முடியல. அப்பால வலகிட்ட போய் படுத்துக்கினேன். அவளுக்கு இது தெரியாது, சோடான்னு நெனச்சுனு கீறா. அவள ஒண்ணும் சொல்லாதீங்க. பாட்ட எடுத்துக்குங்க."

 காற்று நன்றாக இருக்கிறது என்று பாயை எடுத்துக்கொண்டு போன மனிதரைத் தெருவில் நாலு பேர் கேட்கக் கிண்டல் செய்திருக்கிறேன். பானையில் காதை வைக்கச் சொல்லி நானே கூப்பிட்டிருக்கிறேன். அந்த வாசனை இத்தனை வருடம் கழித்தும் அவரை அப்படிக் கூப்பிடும் என்று எனக்குத் தெரியாது. வெட்கமாகவும் இருந்தது, அந்த ஊருக்கு முன்னால் அவர் அப்படி நின்றதைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

 பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டு கட்டுதான், இந்தச் சுற்று முறை அடுத்தவனுக்கு என்றார். கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இரு" என்றார் தலைவர். "பறிச்ச பாட்ட எடுக்கிறவன் கையும் சுத்தமா இருக்கணும், அதுதான் வழக்கம். இந்த வருசம் ஊருக்குள்ள நானும் கட்ட மீறலன்னு கற்பூரத்த அணைச்சிட்டு எடுத்துக்க."

வழக்கம் பழையதுதான். அடுத்தவன் பாட்டுக்கு ஆசைப்பட்டு ஆளாளுக்குப் பிராது கொடுக்கக் கூடாது என்று யாரோ ஒரு புத்திசாலி வைத்தது. இவனுக்கு அவசரத்தில் அது மறந்துவிட்டது. மறுபடி ஒரு கற்பூரம் ஏற்றினார்கள். கொழுந்தன் கையை நீட்டினான். பெண்கள் பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டி ஒரு இருமல் இருமினாள். நீட்டின கை அப்படியே நின்றது. கற்பூரம் முழுவதும் எரிந்து அடங்கும் வரைக்கும் நின்றது. பிறகு ஆட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தான்.

அதற்கடுத்த முறைக்காரரைக் கூப்பிட்டார்கள். எனக்கு முகத்துவாரம் ஒத்துக்காது, உள் ஏரியே போதும் என்றார். அவருக்கு அடுத்தவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது, பேசிக்கொண்டே கரைப் பக்கம் நடந்தார், மணி அடித்த சத்தம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. முறை சுற்றிச் சுற்றித் தலைவருடைய வீட்டுக்கே வந்தது. தலைவர் கற்பூர டப்பாவைத் திறந்து பார்த்து, "கற்பூரம் தீந்துபோச்சு" என்றார். உள்ளே இரண்டு வில்லை இருந்தது ஓரமாக நின்ற எனக்கே தெரிந்தது.

பைக்கில் சாய்ந்திருந்த பாய்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார், "அப்போ அமாவாசைக்கு இறால் யாருகிட்ட வாங்குறது?"

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் மணலைப் பார்த்தது. "எடுக்க ஆளு இல்லாத பாடு எடுத்த எடத்துக்கே போவும்" என்றார். "அவனே போவட்டும். பானையக் கொண்டு போய்க் கொட்டுங்க."

பானையை ஏரிக்கரை மணலில் கவிழ்த்தார்கள். சுர்ரென்று நுரைத்து உள்ளே இறங்கியது. ஒன்றுமே தெரியாத எங்கள் ஊர் ஆண்கள் சுற்றி நின்று, நெருங்கின சொந்தத்தை அடக்கம் செய்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கையை நீட்டி அணைச்சிருந்தா யாருக்குய்யா தெரியும்? ஒரு வேள பாடு நெஜமாவே போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

அவர் நடந்துகொண்டே சொன்னார். "பாடு போனா அடுத்த சுத்துல வரும்மே. சத்தியம் போனா எந்தச் சுத்துலயும் வராது."

தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள், கொழுந்தன் வீட்டு வாசலிலும் நின்றிருந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வெளியில் அப்படிச் செய்ததே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.